கார்த்திகையில் தாலி, ஏப்ரலில் ரிட்டர்ன்: கல்யாணமான மாணவருக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தம் தருவதும் தராததும்

நீங்கள் கல்யாணம் ஆனவரா இல்லையா என்பதை அமெரிக்க வரித்துறை டிசம்பர் 31-ஆம் தேதியை வைத்துத்தான் பார்க்கும். அன்றைக்கு என்ன நிலையோ அதுவே அந்த ஆண்டு முழுமைக்கும். நம் பக்கம் அந்தத் தேதி மார்கழியில் விழுவதால் யாரும் முகூர்த்தம் வைப்பதில்லை. ஆகவே மதுரைக்காரருக்கு இது கார்த்திகையா, தையா என்ற கேள்வி. கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டிவிட்டு விமானம் ஏறினால், அந்த ஆண்டு ஜனவரி முதலே நீங்கள் கல்யாணமானவர் என்று கணக்கு. தை பிறந்து கட்டினால் அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும். நடுவில் இருப்பது சில வாரங்கள்தான், ஆனால் ரிட்டர்னில் டிக் அடிக்கும் கட்டம் மாறிவிடும்.

இதில் இரண்டு இடங்களில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஒன்று, "இன்னும் ரிஜிஸ்டர் பண்ணலையே, சிங்கிள்தானே?" என்பது. முறைப்படி தாலி கட்டிய கல்யாணம் நம் சட்டத்தில் செல்லும். பதிவு அதற்குச் சான்று, அவ்வளவுதான். இன்னொன்று இதற்கு நேர் எதிர். விசாவுக்காகக் கோயிலில் எளிமையாகத் தாலி கட்டி, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிந்துவிட்டு, மண்டபக் கல்யாணத்தை ஆறு மாதம் கழித்து வைக்கிற வழக்கம் இப்போது நிறைய. பத்திரிகையில் அடித்த தேதி எதுவாக இருந்தாலும், வரிக்குக் கோயில் தேதிதான். நிச்சயதார்த்தம் கணக்கிலேயே வராது.

இனி ஒப்பந்தம். இந்தியாவும் அமெரிக்காவும் 1989-இல் கையெழுத்திட்டு 1990 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு மாணவருக்கானது. அதன் முதல் உட்பிரிவு, படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் ஊரிலிருந்து வரும் பணத்துக்கு அங்கே வரி இல்லை என்கிறது. அப்பா மேலூர் பக்கம் இருந்த நிலத்தை விற்று ஃபீஸ் அனுப்பினால் அது உங்கள் வருமானம் ஆகாது. சம்பளம் வாங்குகிறவருக்கு முக்கியமானது இரண்டாவது உட்பிரிவு. படிப்பு அல்லது பயிற்சிக் காலத்தில் மாணவர் பெறும் உதவித்தொகைக்கும் சம்பளத்துக்கும், அந்நாட்டு ரெசிடென்ட்டுக்கு (வரிக் கணக்கில் அங்கே வசிப்பவர்) கிடைக்கும் அதே விலக்கும் சலுகையும் உண்டு என்பது அதன் சாரம்.

கையில் நிற்கும் பலன், வரிக்கு முன் வருமானத்திலிருந்து ரசீது காட்டாமல் கழித்துக்கொள்ளும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். நான்-ரெசிடென்ட்டாக (வரிக் கணக்கில் அங்கே வசிக்காதவராக) 1040-என்ஆர் படிவத்தில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மற்ற நாட்டு மாணவருக்கு இது கிடையாது, இந்திய மாணவருக்கு உண்டு. 2024 வரி ஆண்டுக்கு 14,600 டாலர், 2025-க்கு 15,750 டாலர். ஓபிடி-யில் (மாணவர் விசாவிலேயே செய்யும் வேலைப் பயிற்சி) 2024-இல் 38,000 டாலர் சம்பளம் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். கழிவு இல்லாவிட்டால் வரி 4,328 டாலர். 14,600-ஐக் கழித்தால் 23,400-க்குத்தான் வரி: முதல் 11,600-க்கு 10 சதவீதம், மீதிக்கு 12 சதவீதம், மொத்தம் 2,576. மிச்சம் 1,752 டாலர். ஆண்டு முழுவதும் அடுப்பில் சாதம் வடித்து மிச்சம் பிடித்தாலும் இவ்வளவு தேறாது.

இதைக் கேட்க 8833 என்ற தனி அறிவிப்புப் படிவம் வேண்டியதில்லை. மாணவர் சம்பளத்துக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. 1040-என்ஆரின் 12-ஆம் வரியில் தொகையைப் போட்டு, பக்கத்து இடத்தில் 'ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் அலவுட் அண்டர் யு.எஸ்.-இந்தியா இன்கம் டாக்ஸ் ட்ரீட்டி' என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்-இன் 519-ஆம் வெளியீட்டில் இந்திய மாணவருக்கென்றே ஒரு ஒர்க்‌ஷீட் இருக்கிறது, அதை நிரப்பிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மென்பொருளில் தாக்கல் செய்தால் அந்த வாசகம் அச்சில் வருகிறதா என்று பிடிஎஃப்-ஐத் திறந்து பாருங்கள். வாசகம் இல்லாமல் தொகை மட்டும் இருந்தால், நான்-ரெசிடென்ட்டுக்கு ஏது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்று கேட்டுக் கடிதம் வர வாய்ப்புண்டு.

கல்யாணம் ஆனதும் இது இரட்டிப்பாகுமா? ஆகாது. 1040-என்ஆரில் ஜாயிண்ட், அதாவது இருவரும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் என்ற கட்டமே கிடையாது. 'மேரீட் ஃபைலிங் செபரேட்லி' (மணமானவர், தனியாகத் தாக்கல்) என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கும் தனிநபர் தொகையே. "ரெசிடென்ட்டுக்குக் கிடைப்பதெல்லாம் எனக்கும் என்று ஒப்பந்தமே சொல்கிறதே, அவர்கள் ஜாயிண்ட் போடுகிறார்களே" என்று வாதம் செய்வார்கள். வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒர்க்‌ஷீட்டில் அதற்கு இடமில்லை.

கட்டத்தில் நடக்கும் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனைவி மதுரையில், புருஷன் டெக்சாஸில். சேர்ந்து வாழாததால் சிங்கிள் என்று டிக் அடித்துவிடுகிறார்கள். அப்படிப் பிரிந்திருப்பவரை சிங்கிளாகக் கருதும் விதி கனடா, மெக்சிகோ, தென்கொரியா நாட்டில் வசிப்பவர்களுக்கும் அமெரிக்க நேஷனல்களுக்கும் உரியது. நமக்குப் பொருந்தாது. மாணவர் சம்பள அளவில் இரண்டு கட்டத்துக்கும் ஸ்லாப் ஒன்றுதான், அதனால் வரித் தொகை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால் பின்னால் எச்-4 (வேலை விசாக்காரரின் துணைக்கான விசா), கிரீன் கார்டு என்று போகும்போது, கல்யாணத் தேதி ஒன்று, ரிட்டர்னில் இருப்பது வேறொன்று என்று காகிதங்கள் ஒன்றுக்கொன்று முட்டும்.

தொகை மாறும் இடம் கல்விக் கடன். ஊரில் பேங்க்கில் உங்கள் பேரில் வாங்கிய கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டியை ஆண்டுக்கு 2,500 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். இது 1040-என்ஆருக்கும் உண்டு. அப்பா மதுரையில் கட்டினாலும், கடனாளி நீங்கள் என்றால் நீங்கள் கட்டியதாகவே எடுத்துக்கொள்ளலாம். இந்திய பேங்க் 1098-இ என்ற அமெரிக்க வட்டிச் சான்றுப் படிவத்தைத் தராது; ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான வட்டிச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். நம் பேங்க்கில் ஏப்ரல்-மார்ச் கணக்கில்தான் தருவார்கள், ஸ்டேட்மெண்டை வைத்து மாதவாரியாகக் கூட்ட வேண்டியிருக்கும். இந்தக் கழிவு 'மேரீட் ஃபைலிங் செபரேட்லி'க்குக் கிடையாது. கார்த்திகையில் கட்டினால் அந்த ஆண்டு வட்டி முழுவதும் போச்சு, தையில் கட்டினால் இன்னும் ஒரு வருடம் கிடைக்கும். 12 சதவீத ஸ்லாபில் 2,500-க்கு 300 டாலர். இதற்காக முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கச் சொன்னால் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், போதும்.

புருஷன், மனைவி இருவருமே எஃப்-1 விசா மாணவர்கள் என்றால் ஆளுக்கொரு ரிட்டர்ன், ஆளுக்கொரு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவர் ஐட்டமைஸ் செய்தால் (நிலையான தொகைக்குப் பதில் செலவுகளை ஒவ்வொன்றாகக் கழித்தால்) மற்றவர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்க முடியாது. நான்-ரெசிடென்ட் மென்பொருள்களில் நாட்டைச் சரியாகக் கொடுக்காவிட்டால், மாநில வரியாகப் பிடித்த 1,100 டாலரைத் தானாகவே ஐட்டமைஸ் செய்துவிடும். மனைவியின் ரிட்டர்னில் இந்த 1,100 ஏறினால் கணவனின் 14,600 விழுந்துவிடும். இருவர் ரிட்டர்னையும் அக்கம்பக்கம் வைத்து, 12-ஆம் வரி இரண்டிலும் ஒரே வகையில் இருக்கிறதா என்று பார்த்தபிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கம்பெனியில் சேரும்போது வரிப் பிடித்தத்துக்காக நிரப்பும் டபிள்யூ-4 படிவத்தில் கல்யாணமானவர் என்றாலும் முதல் கட்டத்தில் 'சிங்கிள் ஆர் மேரீட் ஃபைலிங் செபரேட்லி'தான். 4(சி)-க்குக் கீழே 'என்ஆர்ஏ' (நான்-ரெசிடென்ட் ஏலியன்) என்று எழுத வேண்டும். நான்-ரெசிடென்ட் ஊழியருக்குப் பிடித்தம் கணக்கிடும்போது சம்பளத்தோடு ஒரு தொகையைக் கூட்டிக்கொள்ளும்படி கம்பெனிக்கு விதி இருக்கிறது. இந்திய மாணவருக்கு அந்தக் கூட்டல் வேண்டாம் என்பதும் அதே விதியில் உண்டு. பேரோல் ஆட்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. கூடுதலாகப் பிடித்தால் ரீஃபண்டில் வந்துவிடும், ஏப்ரல் வரை கை கடிக்கும், அவ்வளவுதான். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று 7.65 சதவீதம் பிடித்தால் கதை வேறு. நான்-ரெசிடென்ட் எஃப்-1-க்கு ஓபிடி-யிலும் அது கிடையாது. முதலில் கம்பெனியிடம் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 843, 8316 படிவங்களோடு ஐஆர்எஸ்-க்குப் போகலாம். ஜே-2-இல் (ஜே-1 விசாக்காரரின் துணைக்கான விசா) வேலை அனுமதி வாங்கி வேலை செய்யும் மனைவிக்கு இந்த விலக்கு இல்லை, அவருக்குப் பிடிப்பது சரிதான்.

மாநில வரியில் ஒப்பந்தம் செல்லும் என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியா அதை ஏற்பதில்லை, தன் கழிவைத் தனியாகத் தருகிறது. டெக்சாஸில் இருப்பவருக்கு மாநில வருமான வரியே இல்லை.

எஃப்-2-இல் (எஃப்-1 மாணவரின் குடும்பத்துக்கான விசா) வந்திருக்கும் மனைவிக்கு வருமானம் இல்லை, ரிட்டர்ன் இல்லை. அங்கே இருந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காமலிருக்கத் தரும் 8843 படிவம் மட்டும் உண்டு. அது ஆளுக்கு ஒன்று. மதுரையில் பிறந்து எஃப்-2-இல் வந்த குழந்தைக்கும் தனியாக ஒன்று. ரிட்டர்ன் இல்லாமல் 8843 மட்டும் அனுப்புகிறவருக்குக் கடைசித் தேதி ஜூன் 15. குழந்தை அங்கேயே பிறந்தால் அமெரிக்கக் குடிமகன், அதற்கு 8843 வேண்டாம். அந்தக் குழந்தைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கிவிட்டால், 21(2) பொருந்தும் இந்திய மாணவர் 1040-என்ஆரிலேயே சைல்ட் டாக்ஸ் கிரெடிட் கேட்கலாம். 2024-க்கு 2,000 டாலர், 2025-க்கு 2,200. இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எஃப்-2 குழந்தைக்கு இது கிடைக்காது.

இனி ஜாயிண்ட். எஃப்-1-இல் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் நீங்கள் ரெசிடென்ட்டா என்று பார்க்கும் 183 நாள் கணக்கில் உங்கள் நாட்கள் வராது. 2020 ஆகஸ்டில் போனவருக்கு 2020 முதல் 2024 வரை ஐந்து முடிந்தது. டிசம்பர் 28-இல் போய் இறங்கியிருந்தாலும் அந்த ஆண்டு ஒரு முழு ஆண்டுதான். 2025-இல் 183 நாள் கணக்கு நிறைந்ததும் அவர் ரெசிடென்ட். மனைவி 2023-இல் எஃப்-2-இல் வந்தவர் என்றால் அவருக்குத் தனி எண்ணிக்கை, 2027 வரை நான்-ரெசிடென்ட். ஆண்டுக் கடைசியில் ஒருவர் ரெசிடென்ட், இன்னொருவர் இல்லை என்ற இந்த நிலையில், இருவரும் சேர்ந்து முழு ஆண்டுக்கும் ரெசிடென்ட்டாக இருப்பதாகத் தேர்வு செய்து சாதாரண 1040-ஐ ஜாயிண்டாகப் போடலாம். சட்டப்பிரிவு 6013(ஜி).

கிடைப்பது என்ன? 2025-இல் 72,000 டாலர் சம்பளம் என்று வையுங்கள். தனியாகப் போட்டால் 15,750 கழித்து வரி சுமார் 7,290. ஜாயிண்டில் 31,500 கழித்து சுமார் 4,380. வித்தியாசம் 2,900 டாலருக்குப் பக்கம். ஆறாவது ஆண்டிலிருந்து 7.65 சதவீதப் பிடித்தமும் தொடங்கும் என்பதால் இந்தத் தொகை நல்ல கைகொடுப்பு.

கொடுப்பது என்ன? தேர்வு நடப்பில் உள்ள ஆண்டுக்கு இந்திய ரெசிடென்ட் என்ற முறையில் ஒப்பந்தச் சலுகை இருவருக்கும் இல்லை. கூடவே இருவரின் உலக வருமானமும் மேசைக்கு வரும். மதுரை இங்கேதான் உள்ளே வருகிறது. அண்ணாநகர் வீட்டு வாடகை, மனைவி பேரில் உள்ள எஃப்டி வட்டி, கல்யாணத்துக்கு முன் அவர் தனியார் பள்ளியில் வாங்கிய சம்பளம் எல்லாமே. என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அதனால் அமெரிக்காவிலும் இல்லை என்று ஊர் ஆடிட்டர் சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் பாதி சரி. அமெரிக்க ரெசிடென்ட்டுக்கு அது முழு வருமானம். இந்தியாவில் வரி கட்டாததால் 1116 படிவத்தில், வெளிநாட்டில் கட்டிய வரிக்கான கிரெடிட் கேட்கவும் ஒன்றும் இருக்காது.

இதைவிடச் சிக்கல் எஸ்ஐபி. இந்திய மியூச்சுவல் ஃபண்டை ஐஆர்எஸ் 'பிஎஃப்ஐசி' (வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்) என்று பார்க்கும். ஃபண்டுக்கு ஒன்றாக 8621 படிவம், தண்டனை போல ஒரு வரிக் கணக்கு. மாதம் 2,000 ரூபாய் வீதம் நாலு ஃபண்டில் போட்ட மனைவி அவற்றை விற்கும்போது, லாபத்தைவிடப் படிவம் நிரப்பும் கூலி அதிகமாகலாம். ஜாயிண்ட் போடும் எண்ணம் இருந்தால் அந்த ஆண்டு தொடங்கும் முன்பே இவற்றை விற்று வெளியேறிவிடுவது நல்லது. ரெசிடென்ட்டான கணவனின் இந்திய பேங்க் கணக்குகளில், அப்பாவோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கையும் கூட்டி, ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டு பேங்க் கணக்கு அறிக்கை போட வேண்டும். அது வரி ரிட்டர்னோடு போவதில்லை, தனியாக ஃபின்சென் என்ற அமெரிக்க நிதித்துறைப் பிரிவின் தளத்தில் போட வேண்டும்.

மனைவி ஆண்டு முழுதும் மதுரையிலேயே வேலையில் இருப்பவர் என்றால் ஒரு வழி உண்டு. பன்னிரண்டு மாதத்தில் 330 முழு நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருந்தால் 2555 படிவத்தில் அவர் சம்பளத்தை விலக்கலாம்; 2025-க்கு வரம்பு 1,30,000 டாலர். வட்டிக்கும் வாடகைக்கும் இது உதவாது.

இந்தத் தேர்வை ஒருமுறை ரத்து செய்தால் அதே தம்பதி மறுபடி எடுக்க முடியாது. முதல் ஆண்டு லாபத்தை மட்டும் பார்க்காமல், அடுத்த ஆண்டு ஊர் வீட்டை விற்கும் யோசனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அக்டோபர் 1-இல் எச்-1பி வேலை விசாவுக்கு மாறுகிறவர் தனி ரகம். எச்-1பி சம்பளம் படிப்புக் காலச் சம்பளம் ஆகாது, அதற்கு 21(2)-ஐ நீட்டக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாட்கள்தான், 183 நிறையாது. ஆகவே அந்த ஆண்டு அவர் நான்-ரெசிடென்ட். ஜாயிண்ட் வேண்டுமென்றால் 'ஃபர்ஸ்ட் இயர் சாய்ஸ்' (ஆண்டின் கடைசிப் பகுதிக்கு ரெசிடென்ட்டாகும் தேர்வு) எடுத்து, அதன்மேல் முழு ஆண்டுக்கும் ரெசிடென்ட்டாக்கும் 6013(எச்) தேர்வையும் எடுக்க வேண்டும். இதற்கு அடுத்த ஆண்டின் 183 நாள் கணக்கு நிறையும்வரை பொறுக்க வேண்டும். முந்தைய ஆண்டு நாட்களில் மூன்றில் ஒரு பங்குதான் இந்தக் கணக்கில் சேரும். 92-இல் அது 30.67, ஊரைவிட்டு அசையாமல் அங்கேயே இருந்தால் 153-ஆம் நாள், அதாவது 2024-இல் மாறியவருக்கு 2025 ஜூன் 2 அன்று, கணக்கு நிறையும். அதுவரை 4868 படிவத்தில் அக்டோபர் 15 வரை நீட்டிப்பு வாங்கலாம். நீட்டிப்பு காகிதத்துக்குத்தான், வரிப் பணத்துக்கு இல்லை. வர வேண்டிய வரியை மதிப்பிட்டு ஏப்ரல் 15-க்குள் கட்டிவிட வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து மூன்று வாரம் இருந்தால், ஜூன் 2 அதற்கேற்பத் தள்ளிப்போகும்.

ஜாயிண்ட் ரிட்டர்னுக்கு மனைவிக்கு எண் வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவருக்கு டபிள்யூ-7 படிவம் போட்டு ஐடின் என்ற வரி எண் வாங்க வேண்டும். அதை ரிட்டர்னோடு சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். மேலே டபிள்யூ-7, அடுத்து 1040, கடைசியில் தேர்வு அறிக்கை. அறிக்கையில் ஆண்டின் கடைசி நாளில் ஒருவர் ரெசிடென்ட், மற்றவர் நான்-ரெசிடென்ட் என்பதும், இருவரும் முழு ஆண்டுக்கும் ரெசிடென்ட்டாகத் தேர்வு செய்கிறோம் என்பதும், இருவர் பெயர், முகவரி, எண்ணும் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்போர்ட்டின் நோட்டரி நகல் செல்லாது. கீழமாசி வீதியில் நோட்டரி முத்திரை குத்தி அனுப்பிய நகல் அப்படியே திரும்பி வரும். ஒரிஜினலை அனுப்பப் பயமாக இருந்தால், ஐஆர்எஸ் அங்கீகரித்த சர்ட்டிஃபையிங் அக்செப்டன்ஸ் ஏஜெண்டிடம் போங்கள், அல்லது நேரம் வாங்கிக்கொண்டு ஐஆர்எஸ் உதவி மையத்தில் பாஸ்போர்ட்டை நேரில் காட்டுங்கள். தனியாக 1040-என்ஆர் போடுகிறவர் மனைவிக்காக ஐடினுக்கு அலைய வேண்டியதில்லை.

பெயரும் ஒரு வேலை வைக்கும். நம் ஆட்களில் பலர் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். விசாவில் அந்தப் பெயர் சர்நேம் ஆகி, கிவன் நேமில் 'எஃப்என்யு' (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்) வரும். சோஷியல் செக்யூரிட்டி கார்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ ரிட்டர்னில் அப்படியே போட வேண்டும். ஐஆர்எஸ் கடைசிப் பெயரின் முதல் நாலு எழுத்தைத்தான் எண்ணோடு ஒப்பிடும். கார்டில் கடைசிப் பெயர் கார்த்திக் என்று இருக்க, ரிட்டர்னில் அப்பா பெயர் முத்துப்பாண்டியைக் கடைசியில் போட்டால் இ-ஃபைல் திரும்பும். டபிள்யூ-7-இல் மனைவி பெயர் அவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகையில் சேர்த்த புருஷன் பெயரை அங்கே கொண்டுவர வேண்டாம்.